வெறும் வண்டி எடை

புளியரைச் சோதனைச்சாவடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இந்தப் பக்கம்
பரமகுரு அண்ணாச்சியின் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
ராத்திரி எட்டிலிருந்து விடியும்வரை
கம்ப்யூட்டருக்கு முன்னால் நான்.

பாறைப்பொடி, வைக்கோல், வாழைத்தார்
எல்லாம் மலையேறிக் கொல்லம் போகும்.
திரும்பும் வண்டியில் தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தால்
உள்ளே என்ன என்று கேட்கக் கூடாது.
மூக்கைப் பொத்திக்கொண்டு சீட்டுக் கொடுக்க வேண்டும்.

பிரசிடெண்ட் தேர்தலுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்.
அதற்குள் அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது.
"நம்ம பக்கம் யாரை நிறுத்த?"
நம்ம பக்கம் என்றால்
இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்கிற பக்கம்.
தேர் போகிற தெரு, போகாத தெரு.
மடையை முதலில் திறக்கிற கை.
கிராமசபையில் சிலருக்கு நாற்காலி, சிலருக்குத் தரை.

சாரல் சாய்த்து அடித்த ஒரு ராத்திரி
மூன்று பேரை வரச்சொல்லியிருந்தார்.
தகரக் கூரை மேடைக்கு மேல்தான் இருக்கிறது,
அதனால் மேடையிலேயே நின்றார்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து.

குத்தாலிங்கம், ரைஸ்மில். சிவப்பு எழுத்தில் 110.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் என் மிஷின்,
ஒற்றை மனிதனை நிறுக்கச் செய்ததில்லை அது.
"போன தடவ தோத்தவரு" என்றார் அண்ணாச்சி, அவர் முகத்துக்கு நேரே,
நெல்லை ஊதிப் பதர் பார்க்கிற மாதிரி.
வாக்குறுதி கேட்டால் "ஒண்ணும் மாத்த மாட்டேன்" என்பார்.
சொன்னதைச் செய்யக்கூடிய ஒரே ஆள்.

ஆவுடையப்பன் ஏறியதும் 170.
ஓய்வுபெற்ற சார்பதிவாளர்.
எந்த சர்வே நம்பர் எவன் பாட்டன் பெயரில் இருந்தது,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.
இந்தத் தாலுகா திருவிதாங்கூரை விட்டு வந்ததே
அவர் கணக்கில் இன்னும் தீராத ஒரு வில்லங்கம்.

பிறகு திருமலைக்குமார்.
240, 250, மறுபடி 240. நிற்கவே மாட்டான்.
ஷார்ஜாவில் ஒன்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்.
வந்த கையோடு "முன்ன எப்படி இருந்துச்சு நம்ம ஊரு" என்று
தினம் ஒரு வீடியோ.
அந்த முன்ன நடந்தபோது அவன் பிறக்கவில்லை.
பெரியவர்கள் அலுத்துப்போய் விட்டுக்கொடுத்த இடத்தில்கூட
அவன் விடமாட்டான்.
பையன்கள் நாற்பது பேர் அவன் பின்னால்.
அண்ணாச்சிக்கு அதுதான் ஆசை. பயமும் அதுதான்.

எங்கள் தொழிலில் வண்டியை இரண்டு தரம் ஏற்றுவோம்,
சரக்கோடு ஒரு தரம், இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஒரு தரம்.
கழித்தால் கிடைப்பதுதான் சரக்கு.
மில்லை, பத்திரக்கட்டை, அந்த இரண்டு ஃபோனை
இறக்கி வைத்துவிட்டு வாருங்கள் என்று
இவர்களிடம் யார் சொல்வது?

அண்ணாச்சி ஓட்டு எண்ணினார்.
"மேலத்தெரு முழுசும். பள்ளிவாசல் பக்கம் பாதி.
செண்பகக்கனி வீட்டுல நாலு, அது நம்ம கையில."
செண்பகக்கனி நான்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.
வீட்டில் மூன்றுதான்.
அப்பா போய் வருகிற ஆடியோடு வருஷம் ஒன்று,
பட்டியலில் இன்னும் இருக்கிறார்.

"சுழற்சியில பொம்பளைக்குப் போயிட்டா?"
கேட்டவர் குத்தாலிங்கம்.
கொஞ்ச நேரம் தகரத்தில் சாரல் மட்டும்.
"எங்க வீட்டுல நிக்கட்டும்" என்றார்கள் பிறகு,
மூவரும் ஒரே மூச்சில்.
அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு இடம்.
"கையெழுத்துப் போடத் தெரிஞ்சா போதும்."
சொல்லிவிட்டு அண்ணாச்சி தலையைத் திருப்பினார்.
நூற்றுப் பதினேழாவது சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த என்னையா,
என் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தையா,
தெரியவில்லை.

ஆரியங்காவுப் பக்கமிருந்து ஒரு பன்னிரண்டு சக்கரம்
ஹார்ன் அடித்தது.
நீங்க முதல்ல, நீங்க முதல்ல என்று
இறங்குவதற்கே மூன்று நிமிஷம்.

மேடை காலி. திரையில் 10.
தேங்கிய தண்ணியாக இருக்கும்.
பூஜ்யம் பண்ணாமல் அடுத்த வண்டியை ஏற்றக் கூடாது.
பொத்தானை அழுத்தினேன்.
கண்ணாடியில் தட்டி, "மூணு பேருக்கும் சேத்து நூத்தம்பது" என்றேன்.
வேடிக்கை என்று நினைத்து
அண்ணாச்சி சிரித்தார்.