ஒன்பதாம் மரம்

பதினொன்றுக்கு ஒருமுறை.
பன்னிரண்டேகாலுக்கு ஒருமுறை.
பிறகு, நான் கண்ணை மூடினேனா என்று
சோதிப்பதற்காக மட்டும் ஒருமுறை.
இரண்டரைக்கு எப்படியும் நான் எழ வேண்டும்;
அதற்குப் பத்து நிமிடம் முந்தி
அலாரத்துக்கு வேலையில்லாமல் செய்துவிடுவாள்
எங்கள் அனிஷ்மா.

பொன்மனையில் ரப்பர் வெட்டுகிறவன் நான்.
நெற்றியில் விளக்கு, கையில் கத்தி,
முன்னூற்று இருபது மரம்.
வெயில் ஏறினால் பால் இறங்காது.
விஜிலாவுக்கு முந்திரி ஆலை.
தோட்டெண்ணெய் பட்டு உரிந்த விரல்களைத்
தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்து
அப்புறம்தான் பிள்ளையைத் தொடுவாள்.
அவள் மார்பில் உறங்கும். என் தோளில் உறங்கும்.
தொட்டிலில் கிடத்தினால் மட்டும்
முதுகில் கண் இருப்பதுபோல் விழிக்கும்.

ஒன்பது மாதம்.
காய்ச்சல் இல்லை, பசி இல்லை,
கீழ்ப்பல் இரண்டும் முளைத்து முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
சாளை கழுவிக்கொண்டே விஜிலா சொன்னாள்:
"நீங்க கட்டில்ல ஒறங்குதிய.
கண்ணு முழிச்சா முற்றத்துல கெடக்குதிய.
நெலவிளிக்க மாட்டியளா?
ஒறங்கினது ஒங்க தோளு.
முழிக்கது தொட்டிலு.
பிள்ள என்ன செய்யும்?"

அன்றிரவே
பாதி விழிப்பில் கிடத்தினோம்.
விளக்கை அணைத்தோம்.
அழுதால் உடனே ஓடக் கூடாது.
எத்தனை நேரம்?
கடிகாரத்தைப் பார்த்தால் முள் நகராது.
அதனால் மரம் எண்ணினேன்.

கண்ணை மூடி என் வரிசையில் நடந்தேன்.
முதல் மரம், பாறைமேல் சாய்ந்தது.
இரண்டாவதில் சிரட்டை கீறியிருக்கிறது, மாற்ற வேண்டும்.
மூன்றாவதைப் போன வருஷம் ஆழ வெட்டிவிட்டேன்,
காயம் முடிச்சாகிவிட்டது.
நான்கு. ஐந்து.
ஒவ்வொன்றிலும் நின்று, ஒட்டுப்பாலை உரித்து,
கத்தியைச் சரித்து இழுத்து,
வெள்ளைக் கோடு கீழே ஓடி வரும்வரை காத்து.
பத்து மரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்
வயிற்றில் கை வைப்பேன்.
"இங்கதான் கெடக்கேன் மக்கா."
எடுக்க மாட்டேன்.

நாற்பத்தொன்றாம் மரத்தில் எடுத்துவிட்டேன்.
இரண்டு பேரும் வியர்த்திருந்தோம்.
விஜிலா சுவர்ப் பக்கம் திரும்பி
உறங்குவதுபோல் கிடந்தாள்.
அவள் நைட்டியின் முன்பக்கம் நனைந்திருந்தது.

இரண்டாம் இரவு முப்பத்துமூன்று.
பக்கத்து வீட்டுக் கிளீட்டஸ் ஜன்னல் திறந்து
ஒருதரம் இருமினான்.
மூன்றாம் இரவு முப்பத்தாறு. கூடிவிட்டது!
நான்காம் இரவு மழை.
ஓட்டுமேல் விழுந்த இரைச்சலில்
அழுவது அவளா, என் காதா என்று தெரியாமல்
கணக்கு தப்பியது.
ஐந்தாம் இரவு பதினெட்டு,
அதிலும் கடைசி நாலு மரத்துக்கு அழுகையில்லை,
தனக்குத்தானே ஏதோ பேச்சு.

எனக்குத் தெரியாததா?
வெட்டுவாயை யாரும் போய் விரலால் அடைப்பதில்லை.
சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி நீண்டு
இரண்டு மூன்று மணிக்கூரில்
தானே உறைந்து நின்றுகொள்ளும்.
ஆனாலும் மரம் மரம்தான்.
அது என்னைப் பார்த்துக் கை நீட்டியதில்லை.

வியாழக்கிழமை ஒன்பதாம் மரத்தில் நிறுத்தினாள்.

அடுத்த நாள்
பதினொன்று போயிற்று. பன்னிரண்டேகால் போயிற்று.
நான் விழித்துக் கிடந்தேன்.
இருட்டில் ஒரு கை வந்து என்னைத் தட்டியது:
"மூச்சு வருதா, பாருங்க."
வந்தது.
சற்று நேரம் கழித்து
இன்னொருமுறையும் போய்ப் பார்த்தேன்.

அப்புறம் எப்போது உறங்கினேனோ,
இரண்டரைக்கு எழுப்ப ஆளில்லை.
தோட்டத்தில் ஏறும்போது மூன்றேகால்.
சாய்ந்த மரம்.
கீறிய சிரட்டை, இன்றும் மறந்துவிட்டேன்.
முடிச்சு விழுந்த காயம்.
ஒன்பதாவதை வெட்டி முடித்தும்
கால் நகரவில்லை.
நெற்றி விளக்கை அணைத்தேன்.
கமுகுகளுக்கு அப்பால், வீட்டுப் பக்கம்
காதை வைத்துக்கொண்டு நின்றேன்,
சிரட்டையில்
முதல் சொட்டு விழும்வரை.