மூன்று எழுத்துக்குக் காசு

பெயருக்கும் இறந்த நாளுக்கும் ஒரே விலை.
அதற்கு மேல் புகழ்மொழி வேண்டுமென்றால்
எழுத்துக்கு முக்கால் லிரா.
எருசலேமில் அந்த மழைக்காலம்
கல்லின் விலையும் ஏறியிருந்தது.

கத்தூன் வந்தாள்,
தலைத்துணி முனையில் முடிந்த சில்லறையோடு.
குர்திஸ்தான் மலையிலிருந்து வந்து சேர்ந்தவள்.
எழுத்தறியாதவள்.
"சந்தையில் சுமை தூக்கினாரே மோர்தக்,
அவர் பெண்சாதி.
அரசர்களுக்குப் போடுவீர்களே,
அப்படி ஒரு சொல் வேண்டும்."

எண்ணினேன். மூன்று எழுத்துக்குச் சரி.
மீந்த சில்லறையைப் பஸ்ஸுக்கென்று
மறுபடி முடிந்துகொண்டாள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தொடங்கினேன்.
ஹோத். மூன்றே எழுத்து.
முகத்தில் வீசும் அரச ஒளி.
"முகமா? அம்மைத் தழும்பு, எண்ணினால் அறுபது."
ஹாதார். அதுவும் மூன்றுதான்.
நரைத்த தலைக்கும் பொருந்தும், காய்த்த மரத்துக்கும்.
"நரைக்கும் முன்னே போய்விட்டாரே."
காஓன். ஆறு கரைமீறும்போது
அதற்கு வருமே ஒரு செருக்கு, அது.
"அவர் கண்ட ஆறு தெருக்குழாய்."

விலையை மறந்துவிட்டேன் அப்போது.
இந்தச் சொற்களைச் சொல்லக் கேட்க
என் கடைக்கு யார் வருகிறார்கள்?
நாதீவ் என்றேன். மேன்மகன்,
கேளாமலே கொடுக்கிறவன்.
"கொடுத்த கடனைத் தூக்கத்திலும் எண்ணுவார்."
அட்சீல் என்றேன். உயர்குடியான்.
வாய் சும்மா இருக்கவில்லை:
பழைய ஏடுகளில் அந்தச் சொல்லுக்கே
கைமூட்டு, அக்குள் என்றும் பொருளுண்டு.
பல் தெரியச் சிரித்தாள்.
"அந்த அக்குளைத்தானே இருபது வருஷம் தைத்தேன்!"
அதெரெத் என்றேன். மாட்சிக்கும் அதுதான்,
தோளில் போடும் போர்வைக்கும் அதுதான்.
இதற்கு மட்டும் பதிலில்லை.
அவள் போட்டிருந்தது ஆண்பிள்ளைக் கோட்டு,
தோள் இரண்டும் தொங்கிக் கிடந்தன.

கடைசியில் காவோத்.
கனம் என்று பொருள்.
மூட்டையில் இருக்கிற கனம்,
சபையில் எழுந்து நிற்கிறார்களே, அந்தக் கனமும்.
"எத்தனை எழுத்து?"
நான்கு.
முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.
"ஒன்றை எடுத்துவிட முடியாதா?"

முடியும். மூன்றாவது எழுத்து
ஆணி மாதிரி மெலிந்தது, நீட்டலுக்கு வைத்தது.
தோலில் எழுதிய அந்தக்காலத்தாரும்
சில இடங்களில் விட்டிருக்கிறார்கள்.
சாக்கட்டியால் பலகையில் எழுதிக் காட்டினேன்.

எழுத்தறியாதவள் வெகுநேரம் பார்த்தாள்.
"இது எனக்குத் தெரியும்."
கோட்டின் உட்பையிலிருந்து
எட்டாய் மடித்த ஆஸ்பத்திரித் தாள்.
தட்டச்சில், கோடிட்டு, அதே மூன்று எழுத்து.
ஈரல்.
"இதுதானே அவரைத் தின்றது?
இதையா வெட்டச் சொல்கிறீர்கள்?"

கத்தூன், கல்லில் நாங்கள்
மெய்யை மட்டும்தான் வெட்டுகிறோம்.
உயிரை வாசிக்கிறவர் தர வேண்டும்.
ஒரு மூச்சில் அது ஈரல்,
ஒரு மூச்சில் பாரம்,
இன்னொரு மூச்சில் மகிமை.

தாளை மடித்தாள், அதே மடிப்புகளில்.
"வெட்டுங்கள்.
அவனவன் மூச்சு அவனவனுக்கு."

நடுவில் ஆணியகலம் இடம் விட்டு வெட்டினேன்.
அதற்குக் கணக்கு எழுதவில்லை.

கல்லை எடுக்கச் சந்தையாட்கள் ஆறு பேர் வந்தார்கள்,
கூலி வாங்காமல்.
எல்லார் நெற்றியிலும் சுமைவாரின் தடம்,
கிரீடம் உட்காரும் அதே இடத்தில்.
சரிவில் மூன்றாம் திருப்பத்தில்
ஒருவன் கல்லை இறக்கி வைத்து
இடுப்பில் கையூன்றி
ஒற்றைச் சொல் சொன்னான்.
கல்லில் இருந்ததும் அதுவே.

எந்த உயிரைக் கொடுத்தான் என்று கேட்டிருக்கலாம்.
பின்னால் ஏறி வந்த எனக்கு
மூச்சு வாங்கியது.