ஏழாம் பாகத்து மதகு

நீடாமங்கலம் கேட்டில் நாற்பது நிமிடம்.
என்ஜின் முன்னே போவதும் பின்னே வருவதுமாய்
தன் பெட்டிகளைத் தானே தேடிக்கொண்டிருந்தது.
ரிஸ்வானா வண்டியை அணைத்துவிட்டு
கைப்பேசியில் மறுபடி அந்த இடத்தில் நிறுத்தினாள்.

ஏழாம் பாகம். பதினான்காம் நிமிடம். மூன்றே நொடி.
நீலமுடிக்காரி ஊரைவிட்டுப் போகிறாள்.
கதைப்படி அது பெயரில்லாத தீவு.
எங்களுக்கு மட்டும்தான் தெரியும்
அந்த மதகின் நெற்றியில் இருப்பது
ஜப்பானிய எழுத்தல்ல,
பாதி அழிந்த பொ.ப.து.
எந்த ஊர் எழுத்தென்று அறியாமலே
யாரோ ஓர் ஓவியன்
துருவையும் சேர்த்துத் தீட்டியிருக்கிறான்.

மதகுப் பாலத்தின் கோடியில்
விரல்நகம் அளவில் ஒரு மனிதன்.
வலது கை மேலே.
அவனுக்காகத்தான் அழுதோம்.
யாருமே இல்லாதவளுக்கு
விடைகொடுக்க அவன் ஒருவன்.
அவள் கூத்தாநல்லூரில், நான் மன்னார்குடியில்
ரத்தப் பரிசோதனைக் கூடத்து இரவுப் பணியில்,
குழாய்கள் சுழன்று நிற்கும்வரை
அந்த மூன்று நொடியை ஓட்டி ஓட்டி.

பதினொரு ஞாயிறு தேடியாயிற்று.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
பெயர் கேட்டால் வாய்க்கால் என்று மட்டும் சொல்லப்படும்
வாய்க்கால்கள்.

பன்னிரண்டாம் ஞாயிறு
மதகு இருந்தது.
தென்னை இல்லை, கஜாவில் போயிருக்கும்.
படத்து வானத்தின் ஊதா இல்லை,
கண் கூசும் வெள்ளை.
சக்கரத்தில் கைலி காய்ந்துகொண்டிருந்தது.

கைப்பேசியை நீட்டிக் கோட்டோடு கோடு பொருத்தினேன்.
ஓரடி பின்னால். இன்னும் கொஞ்சம்.
கால் நாற்றங்காலுக்குள் இறங்கியது.

"ஏம்மா! எந்தக் கம்பெனி நீங்க?"
நான்கு பேர். அப்புறம் ஒன்பது.
"குழாய் பதிக்க அளக்குறீங்களா?"
"கல்லு எங்க நட்டீங்க?"
பையைத் திறக்கச் சொன்னார்கள்.
தண்ணீர் பாட்டில், புளிசாதம்,
நீல நிறத்தில் ஒரு சவுரிமுடி.
அதற்குமேல் என்ன கேட்பதென்று
அவர்களுக்கும் தெரியவில்லை.

ரிஸ்வானா படத்தைக் காட்டினாள்.
கைமாறிக் கைமாறி
லஸ்கர் வைரக்கண்ணுவிடம் போனது.
அழுகிற பெண்ணை அவர் பார்க்கவே இல்லை.
அளவுகோலைப் பார்த்தார்.
"ரெண்டே முக்கால் அடி.
ஒரு ஷட்டர்தான் தூக்கியிருக்கு. தண்ணி கலங்கல்.
மேட்டூர் ஆடியில தொறந்த வருஷம் இது.
சக்கரத்துக்கு ஆறு கம்பிம்மா, எட்டு போட்டிருக்கான்."

பிறகு கட்டைவிரல் கோடியில் நின்றது.
அகட்டிப் பெரிதாக்கினார்.
"இது நான்ல்ல?"

தொப்பிக்காரன் ஒருத்தன் வந்தானாம்.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
வரப்பில் நின்று படம் எடுத்தானாம்.
"இங்கேர்ந்து கையத் தூக்கிக் கத்தினேன்,
டேய் எடுக்காத, போடான்னு.
குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டுக்கிட்டே போனான்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
இரண்டு வருட அழுகை
ஒரு போடாவின் மேல் உட்கார்ந்திருந்தது.

"கதையில நான் என்ன சொல்றேன்?"

நான் வாயைத் திறக்கவில்லை.
"போயிட்டு வான்னு" என்றாள் ரிஸ்வானா.

"யாருக்கு?"
"அந்தப் பொண்ணுக்கு."
"அது எங்க போவுது?"
அதை எட்டாம் பாகத்திலும் சொல்லவில்லை.

அவர் சக்கரத்திலிருந்து கைலியை உருவித்
தோளில் போட்டுக்கொண்டு கோடிக்கு நடந்தார்.
ரிஸ்வானா முக்காட்டின் மேலேயே சவுரியை வைத்தாள்.
ஒன்பது பேரும் என் பின்னால் நின்று
இடப்பக்கம், வலப்பக்கம் என்று
ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"எவ்வளவு தூக்கணும்?"
"தோளுக்கு மேல!"

தூக்கினார். ஏதோ கத்தவும் செய்தார்.
ஷட்டருக்கு அடியில் தண்ணீர் இரைந்தது.
போ என்பது வரை கேட்டது.