கேட் போட்டிருக்கு

வாங்குவதற்கு முன்பே தெரியும்
அந்தக் கார் எங்கள் தெருவுக்குள் வராது என்று.
எங்கள் தெருவின் அகலம்
ஒரு ஆட்டோவும் அரை ஆளும்.
இருந்தும் வாங்கினேன்.
மைத்துனன் மாதவரத்தில் ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சிய வாரம் அது.

மூன்று தெரு தள்ளி
மூடிக்கிடக்கும் எண்ணெய் கிடங்கின் வாசலில்
மாதம் இரண்டாயிரம் வாடகைக்கு நிற்கிறது கார்.
வாட்ச்மேன் வளர்க்கும் கோழி
பானெட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
தவணை நான் கட்டுகிறேன்.

தவணைக்காக இரவு வேலையும் சேர்த்துக்கொண்டேன்.
பகலில் துறைமுகக் கன்டெய்னர் கணக்கு,
இரவில் ராட்டர்டாமிலிருந்து வரும் பில்களின் திருத்தம்.
"நீங்க இல்லாட்டி இந்த டெஸ்க்கே ஓடாது குணாளன்"
என்று மேனேஜர் சொன்னதை
நாற்பத்தொரு வயதில்
பள்ளி ஆண்டுவிழாக் கோப்பை மாதிரி
வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.
எப்சிபா கேட்டுக்கொண்டாள்.
ரசத்தைச் சூடு பண்ணப் போனாள்.
அன்றைக்கு அது மூன்றாவது சூடு.

கொருக்குப்பேட்டை கேட்டில்
அன்று மாலை மாட்டிக்கொண்டேன்.
ஹெல்மெட்டுக்குள் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது.
தண்ணி லாரி, ட்யூஷன் சைக்கிள்கள்,
காசிமேட்டு அன்னக்கூடையிலிருந்து ஐஸ் ஒழுகும் ஒரு ஷேர் ஆட்டோ.
எல்லாரும் வண்டியை அணைத்துவிட்டார்கள்.
நான் மட்டும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.
ஆட்டோக்காரப் பையன் திரும்பிப் பார்த்தான்:
"இன்னாத்துக்கு சார் உறுமினுகீற?
ரயிலு பயந்துடுமா?"

மீன்காரம்மாள் சிரித்துவிட்டாள்.
அணைத்தேன்.

வந்தது கூட்ஸ்.
ஒவ்வொரு பெட்டியாக, அவசரமே இல்லாமல்,
எதையோ யோசித்துக்கொண்டு போவதுபோல.
காதுக்குள் யாரோ கேட்டார்கள்,
குணாளன், உங்க பக்கம் என்ன சத்தம்?
இங்கிலீஷில் யோசித்துப் பார்த்தேன். வரவில்லை.
"கேட் போட்டிருக்கு" என்றேன்.
கொஞ்ச நேரம் அமைதி.
பிறகு அவர்களே பேசி
அவர்களே முடிவெடுத்து
அவர்களே நன்றி சொல்லிக் கலைந்தார்கள்.

ஐம்பத்தெட்டுப் பெட்டி.
நான் இல்லாமல் அந்த டெஸ்க்
பதினெட்டு நிமிஷம் ஓடியிருக்கிறது.
அடிவயிற்றில் ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது.
அவமானமா ஆறுதலா என்று
தண்டையார்பேட்டை வருகிற வரைக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு போன் வந்தபோது
வீட்டில்தான் இருந்தேன், லுங்கியில்.
"கேட் போட்டிருக்கு" என்றேன்.
அதற்கடுத்த நாளும்.
ஒரு வாரத்தில் மெர்லின் பழகிவிட்டாள்.
என் போனை எடுத்து,
"அப்பாவுக்கு கேட் போட்டாச்சு அங்கிள்,
காலைல தொறப்பாங்க" என்று
வைத்துவிட்டுக் கணக்கு நோட்டை நீட்டினாள்.
அவளுக்கு வகுத்தல் வரவில்லை என்பது
எனக்கு அன்றுதான் தெரியும்.

டீம் லீட் பதவி திவாகரனுக்குப் போனது.
இரண்டு நாள் வலித்தது.
மூன்றாம் நாளும் கொஞ்சம்.
மைத்துனன் போன் செய்து
ரொம்ப அக்கறையாக விசாரித்தான்,
அது மட்டும் ஒரு மாதம் வலித்தது.

காரைப் பார்க்க வந்தவர்
மீட்டரைப் பார்த்து நம்பவில்லை.
"மூணு வருஷத்துல இவ்ளோதான் ஓடிச்சா?"
வண்டி ஓடலைங்க, நான்தான் ஓடினேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. பத்தாயிரம் குறைத்துக் கேட்டார்.
கோழியை இறக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

இரவு வேலையை விட்ட மாதம் கை கடித்தது,
இப்போதும் கடிக்கிறது.
எப்சிபாவின் சீட்டு ஒன்று பாதியில் நின்றது.
அவள் அதைச் சொல்லிக்காட்டுவாள்,
சொல்லட்டும்.
ரசம் அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறது.
முதல் நாள் நாக்கு வெந்துவிட்டது.
அவ்வளவு சூடாக இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன்.

கேட்டுக்கு மேலே மேம்பாலம் வரப்போகிறது என்கிறார்கள்.
மண் பார்க்க ஆட்கள் வந்து
குழி தோண்டி மூடிப் போனார்கள்.
ஊருக்கு நல்லதுதான்.
எனக்குத்தான் அதற்குள்
ரயில் வராமலே நிற்கப் பழக வேண்டும்.