பக்கம் பதினொன்று, மூன்றாம் பத்தி

நேச நாட்டார் வருகிறார்கள்.
பத்தொன்பது ஆண்டுகளாக
எங்கள் பாதுகாப்பு அறிக்கையில் அதே வரி, அதே இடம்.
அரசுகள் கவிழ்ந்தன,
அட்டையின் நீலம் இரண்டு முறை வெளுத்தது,
அந்த வரியில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை,
வீட்டைப் புதுப்பிக்கிறவன்
பாரம் தாங்கும் சுவரை விட்டுவிடுவதுபோல.

எஸ்தோனிய மொழியில் எதிர்காலம் கிடையாது.
இலக்கணத்தைத்தான் சொல்கிறேன்.
வருகிறார்கள், வருவார்கள்,
இரண்டுக்கும் எங்களிடம் ஒரே சொல்: துலேவாத்.
நாளைக்கு மழை பெய்கிறது என்போம்.
அடுத்த கோடையில் என் மகன் மணமுடிக்கிறான் என்போம்.
யாரும் குழம்பியதில்லை.

அறிக்கையை ஆங்கிலமாக்குவது என் வேலை.
அங்கே காலத்தைச் சொல்லியே தீரவேண்டும்.
ஒவ்வொரு முறையும் 'வருவார்கள்' என்று தட்டினேன்,
தட்டிவிட்டு மதிய உணவுக்குப் போனேன்.

போன இலையுதிர் காலத்தில்
கடலுக்கு அப்பாலிருந்து தூதுக்குழு வந்தது.
நூற்றுக்கு எவ்வளவு செலவிடுகிறீர்கள் என்று கேட்டது.
சொன்னோம்.
நல்லது, என்றார் அவர்களில் மூத்தவர்,
எங்கள் கப்பல்களுக்கு இப்போது வேறொரு கடலில் வேலை.
கோபமே இல்லை குரலில்.
மாற்றலாகிப் போகும் மருத்துவர்
படுக்கையில் கிடப்பவரிடம் பேசும் கனிவு.

மார்ச்சில் கர்னல் ராந்த்மா
பென்சிலோடு என் மேசைக்கு வந்தார்.
'வரக்கூடும்' என்று போடலாமா?
அது எதிரிக்கு அழைப்பிதழ்.
'வர வேண்டும்'?
கெஞ்சல்.
'வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்'?
அது உண்மை, என்றார்,
உண்மையை அச்சடிக்க நிதி ஒதுக்கவில்லை.
சிரிக்கவில்லை. பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரியை விட்டுவிட்டு
அதன் பின்னால் ஒரு சொல் சேர்த்தார்:
அதுவரை.

அதுவரை, சதுப்பு நிலங்களை மீண்டும் நனைய விடுவது.
அதுவரை, தென்கிழக்கு எல்லையில் வடிகால்களை அடைப்பது.
டாங்கியின் எடை இத்தனை டன்,
ஈரக் கரிமண் தாங்குவது இத்தனை.

சில கலைச்சொற்களைச் சரிபார்க்க எல்லைக்குப் போனேன்.
ஐனார் வெஸ்கி தொடைவரை ரப்பர் காலணியில் நின்றார்.
இருபது வயதில், கூட்டுப்பண்ணைக் காலத்தில்,
இதே வாய்க்காலை வெட்டியவர்.
அப்போது மாஸ்கோவின் கூலி, இப்போது தாலினின் கூலி,
மண் அதே மண்தான் அம்மா, என்றார்.
மரத்தடுப்பின் பின்னால்
பழுப்புத் தண்ணீர் விரல் விரலாக ஏறிக்கொண்டிருந்தது.
தேநீர் நிறம். அவசரமே இல்லை அதற்கு.

வாய்க்காலுக்கு அக்கரையில் மைமு லெப்பிக்கின் புல்வெளி.
ஏழு பசுக்களின் குளிர்காலம் அதில் விளைகிறது.
இழப்பீட்டுப் படிவம்
அவர் சமையலறையில், பால்கணக்குக்கு அடியில்
கையெழுத்தில்லாமல் கிடந்தது.
அவர்கள் வந்துவிட்டால்
என் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பீர்களா, என்று கேட்டார்.

எவர்கள் என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
எங்கள் வினைச்சொல்லுக்கு
இரண்டு திசையும் ஒன்றுதான்.

திரும்பி வந்து கணினியைத் திறந்தேன்.
பக்கம் பதினொன்று. மூன்றாம் பத்தி.
'நேச நாட்டார்' வரைக்கும் தட்டினேன்.
திரையில் குறிமுள்
அணைந்து அணைந்து எரிந்தது, வெகுநேரம்.

தொலைபேசி.
மைமு லெப்பிக்.
கையெழுத்துப் போட்டுவிட்டாராம்,
ஆனால் முதல் புல்லை அறுத்துவிட வேண்டுமாம்,
தண்ணீர் எப்போது வருகிறது என்று யாரும் சொல்லவில்லையாம்.

அட்டவணையைப் பார்த்தேன்.
ஜூன் பன்னிரண்டு, என்றேன்.
வருகிறது.