பொருள் எண் 7-இ

எங்கள் தெருமுனையில் ஒரு பலகை:
தனியார் சாலை. நகராட்சிப் பராமரிப்பு இங்கே முடிகிறது.
தபால் வண்டி உள்ளே வருகிறது.
சொத்து வரி நோட்டீஸ் தவறாமல் வருகிறது.
ஜூலை பிறந்தால் பெரிய சாலையின் மழை முழுவதும்
பலகையைப் படிக்காமல் வருகிறது.

பதினேழு வீடு, ஒரு குழாய்.
இருபத்துநாலு அங்குல நெளித்தகரம்.
அடிப்பாகம் துருவாகி மண்ணோடு போய்விட்டது.
மார்ச்சில் வெர்னீஸ் டில்லர்ட் வீட்டு வாசலில்
தார் ஒரு தட்டு அளவு உள்வாங்கியது.
ஏப்ரலில் அண்டா அளவு.
மே மாதம் ஓர் ஆள் இடுப்புவரை இறங்கலாம்.
யாரோ ஓர் ஆரஞ்சுக் கூம்பு வைத்தார்கள்.
அது யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை.
கேட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் குடியிருப்போர் சங்கப் பொருளாளர்
(யாரும் கை தூக்காத அன்று
காபி ஊற்ற எழுந்தவன்).

செவ்வாய் மாலை ஏழு மணி, மன்றக் கூடம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
செங்கோடன் என்ற பெயரை
எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள்
முப்பது விநாடி ஓடிவிட்டது.
பெரிய சாலையின் பதினோரு வடிகால் வாய்கள்
எங்கள் ஒற்றைக் குழாயில் வந்து விழுவதைப் படமாகக் காட்டினேன்.
"தண்ணீர் உங்களுடையது, குழாய் எங்களுடையது.
ஓட்டை யாருடையது?" என்றேன்.
நாலைந்து பேர் சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பை முந்தின இரவே
வரவில் எழுதி வைத்திருந்தேன்.

நகராட்சி வழக்கறிஞர் கோபப்படவில்லை.
திரையில் ஒரு பக்கத்தைப் போட்டார்.
வீடு வாங்கிய அன்று நான் கையெழுத்திட்ட தாள்கட்டில்
நாற்பத்து மூன்றாவது:
சாலையும் அதன் கீழுள்ள அனைத்தும் உரிமையாளர் பொறுப்பு.
ஓரத்தில் இரண்டு எழுத்துகள், சாய்ந்து, அவசரமாக.
என் எழுத்து.
அன்று மகளுக்குக் காய்ச்சல்.
பேனாகூட வங்கிக்காரருடையது.
"கீழுள்ள அனைத்தும்" என்பதற்குள்
ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

உழக்குக்குள் கிழக்கு மேற்கு பார்த்து
ஒரு மணி நேரம் பேசினார்கள்.
இதை எடுத்துக்கொண்டால் பக்கத்துத் தெருவும் கேட்கும்,
ஊருக்குள் முப்பது மைல் இப்படிக் கிடக்கிறது என்றார்கள்.
அந்தக் கணக்கில் பிழையில்லை.
நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

ஆதரவு மூன்று, எதிர்ப்பு நான்கு.
ஆதரித்த ஒருவர் கார் நிறுத்துமிடம்வரை வந்து
"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்.
"என் இடுப்பு."
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டுக்கு நாலாயிரத்து இருநூறு டாலர்.
வெர்னீஸ் வலைக்கதவைத் திறக்காமலே
தவணையாகத் தருவதாகச் சொன்னார்.
பதினாலாம் எண்ணில் வாடகைக்கு இருக்கும் காலெப்
"எனக்கென்ன?" என்றான். அதுவும் நியாயம்தான்.

வியாழன் இரவு, அட்லாண்டிக் புயலின் வால்
வட கரோலினாவுக்குள் எங்களைத் தேடி வந்தது.
வாரியோடு வெளியே போனேன்.
காலெப் எனக்கு முன்பே அங்கே, வெறுங்காலோடு,
சடைசடையாய்த் திரண்ட பைன் ஊசிகளைக்
கட்டையால் குத்திக்கொண்டிருந்தான்.
எங்கள் பக்கம் மூன்று வாய்களையும் திறந்துவிட்டோம்.
தண்ணீர் குறையவில்லை.
பலகைக்கு அந்தப் பக்கம்
நகராட்சியின் வாய் அடைத்துக் கிடந்தது.

அதைத் திறந்தால் வெள்ளம் எங்கள் ஓட்டைக் குழாய்க்கு.
திறக்காவிட்டால் வெர்னீஸின் படிக்கு.
ஒரு நிமிடம் நின்றோம்.
மூன்று நிமிடம் ஆகியிருந்தாலும்
அங்கே சிவப்பு விளக்கு இல்லை.
பிறகு காலெப் குனிந்தான், நானும் குனிந்தேன்.
வாரியின் கழுத்து ஒடிந்தது. விலை முப்பத்தொரு டாலர்.
எந்தத் தலைப்பில் எழுதுவது?
'இதர' என்று எழுதினேன்.

காலையில் கூம்பு வெர்னீஸின் தபால்பெட்டியில்
சாய்ந்து கிடந்தது.
எடுத்துக் கழுவி
பள்ளத்தின் விளிம்பில் வைத்தேன்,
முன்பு இருந்த இடத்திலிருந்து
இரண்டடி தள்ளி.