எட்டடிக் கூரைக்கு

எங்கள் கிடங்குக் கடையின் கூரை முப்பதடி.
அதன் கீழே நிறுத்தினால்
ஒன்பதடி மரமும் பள்ளிக்கூடப் பையன்.
"இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கா?"
எல்லோரும் அதையேதான் கேட்பார்கள்.

டுலூத் நகரம், நவம்பர் கடைசி.
கதவைத் தள்ளிக்கொண்டு ஏரிக்காற்று முதலில் நுழையும்,
வாடிக்கையாளர் பிறகு.
நான் வெர்லின். ஏழாம் வரிசை.
ஏப்ரன் பையில் அளவுநாடா,
நகக்கண்ணில் பச்சைப் பிளாஸ்டிக் தூள்.

வீட்டுக் கூரை எவ்வளவு என்பேன்.
ஒருவருக்கும் தெரியாது.
ஒருவர் கையைத் தூக்கிக் காட்டுவார்.
"நாற்காலி போட்டால் பல்பு மாட்டலாம்" என்பார் இன்னொருவர்.
மைத்துனனை வைத்து அளந்தவரும் உண்டு:
"அவன் ஆறேகால், இதுவரை தலை இடித்ததில்லை."
வருடக்கணக்காய் அதன் கீழேதான் படுக்கிறார்கள்,
தூக்கம் வராத இரவில்
அதையேதான் பார்க்கிறார்கள்.

எட்டடிக் கூரைக்கு ஏழடி மரம் போதும், சொல்வேன்.
உச்சியில் நட்சத்திரம் நிற்க வேண்டாமா,
அதற்கு மேல் மூச்சுவிட ஒரு சாண் வேண்டாமா.
உயரத்தில் மயங்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள்.
ஏழடி மரத்துக்கு அடிக்கிளை நாலரை அடி விரியும்,
சோபாவை வாசலுக்கு நெட்டும்,
கதவு பாதிதான் திறக்கும்,
விருந்தாளி பக்கவாட்டில் நுழைவார்
பரிசுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி.
விரலுக்குத் தகுந்த வீக்கம்.

தலையாட்டிவிட்டு
ஒன்பதடியைத் தூக்கிப் போவார்கள்.
ஜனவரியில் அதே பெட்டி திரும்பி வரும்,
கழுத்து வளைந்து,
கொழுந்தில் கூரைச் சுண்ணாம்போடு.

மார்லிஸ் மட்டும் கயிறு கொண்டுவந்தாள்.

சணல் கயிறு. இரண்டு முடிச்சு.
ஒரு நுனியைப் பூட்ஸால் மிதித்துக்கொண்டு
மறுநுனியை என்னைத் தூக்கச் சொன்னாள்.
"மேல் முடிச்சு என் கூரை."
ஏழடி பத்தங்குலம்.
"கீழே இருப்பது?"
"ஜன்னல் விளிம்பு.
அதற்கு மேலே தெரிவதுதான் எனக்கு மரம்,
கீழே உள்ளது தண்டச் செலவு."

அவள் வீடு குன்றுச் சரிவில்.
ரெய்னோ, அவள் கணவன்,
இரும்புத்தாதுக் கப்பலில் சுக்கான் பிடிக்கிறவன்.
கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கப்பல் வரும்,
சரக்கேற்றும், போய்விடும்.
கரையிறங்க நேரம் இருக்காது.
கால்வாய்க்குத் திரும்புகிற அந்தச் சில நிமிடம்
அவனுக்குக் குன்று தெரியும்,
குன்றில் அந்த ஜன்னல் தெரியும்,
ஜன்னலில் மரம் தெரிய வேண்டும்.
அகலம் மிகக்கூடாது.
"எனக்கும் ஒரு ஓரம் வேணுமே,
நின்று பார்க்க."

பத்தொன்பது வருடம் மரம் விற்கிறேன்.
வெளியிலிருந்து அளந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒல்லி மரமாய் ஒன்று எடுத்தோம்:
ஆறரை அடி, குறுக்கே இரண்டடி,
வெள்ளை விளக்கு முந்நூறு.
இருபது தப்படி பின்னால் போய்
கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.
பிறகு பெயின்ட் வரிசை வரை போய்ப் பார்த்தாள்.
கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

பெட்டிகள் திரும்பும் வாரத்தில் அவளும் வந்தாள்.
கையில் பெட்டி இல்லை.
"காலால் மிதித்து அணைக்கிற ஸ்விட்ச் இருக்குமே, அது."
மரத்துக்கு என்ன ஆயிற்று என்றேன்.

"குன்று முழுக்க மரம், வெர்லின்.
ஜன்னலுக்கு ஜன்னல் அதே வெள்ளை விளக்கு.
போனில் கத்துகிறான், எது, நம்முடையது எது?
குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன்.
செருகினேன். மறுபடி பிடுங்கினேன்.
அணைந்ததை வைத்துத்தான் கண்டுபிடித்தான்."

ஐந்தாம் வரிசை வரை கூடவே நடந்தேன்.
ஸ்விட்சிலும் இரண்டு அளவு இருந்தது,
ஒயர் ஆறடி, ஒயர் பன்னிரண்டடி.
ஆறடி போதும் என்று வாயெடுத்தேன்.
"பெரிசையே கொடு" என்றாள்.
"ஜன்னலை விட்டு நகராமல் மிதிக்கணும்."